பேட்டரி இறப்பியல்: ஒன்டாரியோ கராஜ்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏப்ரல் மாதத்தின் முதல் வெயில் நாளில் டொரன்டோவின் கிழக்குப் பகுதித் தெருக்களில் நடந்துபோகிறவர் காதில் ஓர் ஒலி விழும். ‘டிக்’. சற்று இடைவெளி. மறுபடி ‘டிக்’. பிறகு பொறுமையிழந்த கட்டைவிரல் ஒன்று பட்டனை அழுத்திப் பிடிக்க, ‘டிக்டிக்டிக்டிக்’ என்று ஒரு நீண்ட வரிசை. அதையடுத்து மனிதக் குரலில் ஒரு சொல் கேட்கும். ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறத் தக்க சொல் அன்று. சலசல, கலகல, படபட என்று ஓசைகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கும் சமூகம் நாம். ஐந்து மாதம் கராஜில் கிடந்த மோட்டார் சைக்கிள் எழுப்பும் இந்த ‘டிக்’குக்கு மட்டும் இதுவரை யாரும் உரை எழுதக் காணோம். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுக்களம். ஒன்டாரியோ மாகாணத்தில் பைக் வைத்திருப்போர் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வண்டியை மூடி வைத்துவிடுவார்கள். சாலையில் கொட்டிய உப்பை இளவேனில் மழை கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். இதற்கு விலக்கானவர்களும் உண்டு. ஈரி ஏரிக்கரையில் போர்ட் டோவர் என்றொரு சிற்றூர். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வரும்போதெல்லாம் அங்கே பைக்காரர்கள் திரள்வது 1981 நவம்பர் 13 முதல் நடந்துவரும் வழக்கம். அந்த வெள்ளி நடுக்குளிர்காலத்தில் வந்தாலும் சிலர் ஓட்டிக்கொண்டே போய்ச் சேருகிறார்கள். அவர்களுடைய பேட்டரி சாவதில்லை. உடம்பில் வேறு என்னென்னவோ உறைகின்றன. அது மருத்துவத் துறையின் ஆய்வுப்பொருள் என்பதால் இங்கே விலக்கப்பட்டது.

நமது களம் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துச் சாதாரணக் கராஜ். ஒரு சுவர் ஓரம் அரிசி மூட்டைகள். மறு ஓரம் பனி அள்ளும் மண்வெட்டி, கோடையில் கத்தரி வைத்த தொட்டிகள், யாரோ கலியாண வீட்டுக்கு வாங்கிப்போய்த் திருப்பித் தந்த பெரிய சட்டி. நடுவில் உறை போர்த்திய பைக். மரபுப்படி முதல், கரு, உரி சொல்லியாக வேண்டுமென்றால்: நிலம், மேற்படி கராஜ். பெரும்பொழுது, பின்பனி கழிந்து இளவேனில் பிறக்குமிடம். சிறுபொழுது, சனிக்கிழமை முற்பகல். கருப்பொருள், மல்டிமீட்டரும் ஜம்பர் கேபிளும் பக்கத்து வீட்டுக்காரரும். உரிப்பொருள், இரங்கலும் இரங்கல் நிமித்தமும்.

இனி, சாவு என்பது யாது? பட்டனை அழுத்தி எஞ்சின் சுற்றாவிட்டால் பேட்டரி செத்துவிட்டது என்பது உலக வழக்கு. இந்த வரையறை ஆய்வுக்கு உதவாது. கில் சுவிட்ச் அணைந்திருந்தாலும், கியர் விழுந்த வண்டியில் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தாலும் எஞ்சின் சுற்றாது. இப்படிப்பட்ட பொய்ச்சாவுக்குப் புது பேட்டரி வாங்கி வந்தவர்கள் உண்டு. அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

ஆகவே அளவுகோல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்பது காரணப்பெயர் அன்று, மரியாதைப்பெயர். உள்ளே ஆறு அறைகள். முழு நிறைவில் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே நல்ல உயிருள்ள பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 என்று காட்டும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் வகை 12.8க்கு மேலும் நிற்கும். 12.4 என்றால் முக்கால் உயிர். 12.2 என்றால் அரை உயிர். 12க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். ஆக, தன் பெயரில் உள்ள எண்ணையே சரியாகக் காட்டும் 12 வோல்ட் பேட்டரி, கவலைக்கிடமான பேட்டரி.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ‘டிக்’கை அணுகினால் அதன் பொருள் தலைகீழாக மாறுகிறது. பட்டனை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் ரிலேக்குச் சிறு மின்சாரம் போகிறது. அது வாயை மூடுகிறது, அதுதான் ‘டிக்’. உடனே ஸ்டார்ட்டர் மோட்டாரின் முழுப் பாரமும் பேட்டரியின் தலையில் இறங்க, வோல்ட் சரிந்து, ரிலேயைப் பிடித்துவைக்கவும் வலுவில்லாமல் வாய் திறந்துகொள்கிறது. பாரம் நீங்கியதும் வோல்ட் கொஞ்சம் ஏறுகிறது. மறுபடி ‘டிக்’. அதாவது, இது சாவோசை அன்று. உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற அறிவிப்பு. அஞ்ச வேண்டியது மௌனத்துக்குத்தான். மீட்டர் விளக்குகூட எரியாத மௌனம் இருக்கிறதே, அதன் முன் ஆய்வாளனும் சற்று நேரம் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டியதுதான்.

கொலையாளி யார் என்ற கேள்விக்கு வருவோம். இதில் பொதுக்கருத்து ஒரே குரலில் பேசுகிறது. பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, குளிர் எல்லோ கொண்டுபோட்டுது. புதுசு ஒண்டு வாங்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஆண்டாண்டு காலமாகக் குளிர் இந்தப் பழியைச் சுமந்து வருகிறது. இவ்வாய்வு குளிரின் சார்பில் வழக்காடுகிறது.

ஈய அமில பேட்டரி எதோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடந்தாலும் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அறை வெப்பத்தில் மாதத்துக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கரைவு வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கரைவு ஏறக்குறைய இரட்டிக்கும். 10 டிகிரி இறங்கினால் பாதியாகும். 35 டிகிரி வெயிலில் சென்னையில் நிற்கும் பேட்டரியையும் 5 டிகிரிக் கராஜில் கிடக்கும் பேட்டரியையும் ஒப்பிட்டால், சென்னை பேட்டரி சுமார் எட்டு மடங்கு வேகமாகக் கரைகிறது. குளிர் பேட்டரியைக் கொல்வதில்லை, பத்திரப்படுத்துகிறது. கடுங்குளிரில் பேட்டரியின் தள்ளுவிசை குறையும் என்பது உண்மைதான். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் இறுகிப்போய் ஸ்டார்ட்டருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆனால் இது தற்காலிக மந்தம். வெயில் வந்தால் தானே தெளியும்.

அப்படியானால் உண்மைக் குற்றவாளி? மீட்டர் பலகையில் இருக்கும் கடிகாரம். கூட்டாளிகள்: திருட்டு அலாரம், எஞ்சின் கணினியின் நினைவு. சாவியை உருவிய பிறகும் இவை குடித்துக்கொண்டே இருக்கின்றன. வண்டிக்கு வண்டி அளவு மாறும். ஒரு மில்லி ஆம்பியரில் திருப்தியடைவதும் உண்டு, அலாரம் சேர்ந்தால் பல மில்லி ஆம்பியர் கேட்பதும் உண்டு. 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-மணி. 9 ஆம்பியர்-மணி பேட்டரியை இது சுத்தமாக உறிஞ்சி முடிக்க 75 நாள். நவம்பர் முதல் தேதி வண்டியை மூடினால், யாருமே மணி பார்க்காத இருட்டுக் கராஜில் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டே, தைப்பொங்கல் வாக்கில் கடிகாரம் தன் வேலையை முடித்துவிடுகிறது.

குளிர் அதற்குப் பிறகுதான் களத்துக்குள் வருகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலக் கரைசல் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி வேண்டும். டொரன்டோவில் அது நடக்கிற காரியம் இல்லை. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தகடுகளுக்குள் போய்விட, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அது பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியிலேயே உறைந்து விரிந்து, தகடுகளை வளைத்து, பெட்டியை வெடிக்க வைக்கும். ஜனவரி இரவுகளில் டொரன்டோவுக்கு அந்த 7 டிகிரி சர்வசாதாரணம். ஆக, குளிர் கைவைத்தது ஏற்கெனவே விழுந்துகிடந்தவர் மேல். பிணப் பரிசோதனையில் வெடித்த பெட்டியைப் பார்த்துவிட்டுக் குளிரைக் கைது செய்கிறோம், கடிகாரம் தப்பிவிடுகிறது.

இங்கே ஒருசாரார் குறுக்கிடுவர்: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதோ? போதாது. ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குச் சும்மா நின்று ஓடும் எஞ்சின் மின்சாரம் ஈட்டுவதில்லை. ஹெட்லைட்டும் அதில் பங்கு கேட்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே கோத்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. பேட்டரியைக் காப்பாற்றப் போய்ச் சைலன்சரைத் துருப்பிடிக்க வைக்கும் இக்கொள்கை முற்றாக மறுக்கப்படுகிறது.

செத்ததாகக் கருதப்படும் பேட்டரியை எழுப்பும் நெறிகள் பல. அவற்றுள் தொன்மையானது தள்ளுநர் நெறி. சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, நண்பர்கள் பின்னாலிருந்து தள்ள, வேகம் வந்ததும் கிளட்சை விடுவது. கார்புரேட்டர் காலத்தில் இது பலித்தது. இன்றைய எரிபொருள் ஊசி வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் முதலில் மின்சாரம் வேண்டும். பேட்டரியில் துளியும் இல்லையென்றால் தெருமுனை வரை தள்ளினாலும் நண்பர்களுக்கு மட்டுமே மூச்சு வாங்கும். கார் பேட்டரியிலிருந்து கேபிள் போடுவோர் அடுத்த நெறியினர். இவர்களுக்கு ஒரே ஒரு சொல்: காரின் எஞ்சினை அணைத்து வையுங்கள். கார் பேட்டரி மட்டுமே பைக்குக்குத் தாராளம்.

மாத்திரை நெறி தனிக்கவனத்துக்குரியது. ஆஸ்பிரினைப் பொடித்து ஒவ்வோர் அறையிலும் போட்டால் பேட்டரி எழும் என்பார் உளர். தலைவலி பேட்டரிக்கு அன்று, நமக்கே என்ற எளிய உண்மையை இவர்கள் கவனிக்கவில்லை. ஆஸ்பிரின் அங்கே சிதைந்து அசிட்டிக் அமிலத்தைத் தரும். அது ஈயத் தகட்டையே அரிக்கும். உப்பு நெறியினர் போடுவது எப்சம் உப்பு. நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அதே பேதி உப்பு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் பின்வரும் வரலாற்றை அறியக் கடவர்.

கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்றொரு பொடியை விற்றார். சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் கலந்த பொடி. பேதி உப்பின் நெருங்கிய உறவு. செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்பது விளம்பரம். அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அமைப்பு அதைச் சோதித்துவிட்டுப் பலன் ஒன்றும் இல்லை என்றது. வாடிக்கையாளர்களோ பலன் உண்டு என்று கடிதம் எழுதினார்கள். 1953இல் புதிதாக வந்த வணிகத்துறைச் செயலர் சின்கிளேர் வீக்ஸ், சந்தை என்ன சொல்கிறது என்பதை ஆய்வுக்கூடம் மதிக்கவில்லை என்று கோபித்து, அமைப்பின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலக வைத்தார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். பத்திரிகைகள் எழுதின. செனட் குழு விசாரித்தது. கடைசியில் அதே ஆண்டு ஆஸ்டின் பதவியில் நிலைபெற்றார். தேசிய அறிவியல் கழகம் அமர்த்திய குழுவும் ஆய்வுக்கூடம் சொன்னதே சரி என்று அறிக்கை தந்தது. ஒரு பேட்டரி செத்ததா பிழைத்ததா என்ற கேள்வி வல்லரசு ஒன்றின் அறிவியல் நிர்வாகத்தையே ஆட்டிப்பார்த்தது. இதற்குப் பிறகும் பேட்டரி இறப்பியல் அற்பமான துறை என்று கருதுவோரிடம் இவ்வாய்வாளருக்குப் பேச ஒன்றுமில்லை.

சிமெண்டுத் தரையில் பேட்டரியை வைத்தால் மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரி போதும். பெட்டி மரத்தாலும் ரப்பராலும் ஆன காலத்தில் அதில் கொஞ்சம் பொருள் இருந்தது, இப்போது பிளாஸ்டிக்.

உண்மை வழியைச் சொல்லும் முன் ஒரு தத்துவக் குறிப்பு. பிரான்சில் கஸ்தோன் பிளான்தே 1859இல் ஈய அமில பேட்டரியைச் செய்தபோதே மறுபிறப்பு அதன் இயல்பாக அமைந்துவிட்டது. மின்சாரம் தரும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. மின்சாரம் ஏற்றும்போது பழைய உருவுக்குத் திரும்புகின்றன. சிக்கல் காலதாமதத்தில்தான். இரவே கழுவிய தட்டில் சோற்றுப் பருக்கை தண்ணீரோடு போய்விடும். மூன்று நாள் காய்ந்ததை நகத்தால் சுரண்ட வேண்டும். சல்பேட்டும் அப்படியே. வாரக்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாகி இறுகி, சார்ஜருக்கு இளகாமல் நிற்கும். ஜனவரியில் காலியான பேட்டரி ஏப்ரல் வரை கிடந்தால் அது மூன்று மாதத்துப் பருக்கை.

செய்முறைக்கு வருவோம். சீட்டைக் கழற்றிப் பேட்டரியைக் காணும் சடங்கு வண்டிக்கு வண்டி வேறு. கண்டபின் முதலில் எதிர்முனை, அதாவது கறுப்புக் கேபிளைக் கழற்ற வேண்டும். சிவப்பை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டு அங்கேயே வாணவேடிக்கை நடக்கும். மாட்டும்போது சிவப்பு முதல், கறுப்பு கடைசி. இந்த வரிசையை எல்லாரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது அந்தச் சதுர நட்டைப் பற்றி. பேட்டரி முனையில் சிறு பொந்து. அதில் ஒரு சதுர நட் பிடிமானமில்லாமல் கிடக்கும். மேலிருந்து வரும் போல்ட் அதைக் கவ்வ வேண்டும். போல்ட்டை அழுத்தினால் நட் கீழே போகிறது. நட்டை விரல் நுனியால் தூக்கினால் போல்ட் சரிகிறது. இரண்டையும் பிடிக்க முனைந்தால் நட் பக்கவாட்டில் துள்ளி, எஞ்சினின் ஆழத்தில் எங்கோ ‘டிங்’ என்கிறது. நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ சிறு ரப்பர் குழாயையோ செருகிவிடுங்கள். நட் மேலே எழும்பி நின்று போல்ட்டுக்கு வழிகொடுக்கும். இக்கட்டுரையில் மிகுந்த பயனுள்ள வாக்கியம் இதுவே என்று சொல்லத் தயக்கமில்லை.

வெளியே எடுத்த பேட்டரி வீங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. உறைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வீட்டுக்குள் வைத்துத் தானாக இளகவிடாமல் சார்ஜரைத் தொடக்கூடாது. தண்ணீர் ஊற்றும் வகையென்றால் தகடு மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். அமிலம் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது. மேல்கோடு வரை நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகுதான். பிறகு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம்: 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். கார் சார்ஜரைப் பத்து ஆம்பியரில் வைத்து அவசரப்படுவோர் பேட்டரியைக் கொதிக்க வைத்து இறக்குகிறார்கள். சார்ஜ் முடியும் கட்டத்தில் ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். சிகரெட்டோடு எட்டிப் பார்க்கும் ஐயாவை அன்போடு தேத்தண்ணிக்கு அனுப்பிவையுங்கள்.

இக்கால அறிவுச் சார்ஜர்களிடம் ஓர் அகங்காரம் உண்டு. வோல்ட் மிகவும் இறங்கிய பேட்டரியை இணைத்தால், இங்கே பேட்டரியே இல்லை என்று விளக்கை அணைத்துவிடும். இருக்கிற பொருளை இல்லை என்று சாதிக்கும் இந்த மாயாவாதத்தைத் தந்திரத்தால் வெல்லலாம். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பாகப் பக்கத்தில் இணைத்து, அதன்பின் சார்ஜரை மாட்டினால் அது ஏமாந்து வேலை தொடங்கும். சிறிது நேரத்தில் நல்லதைக் கழற்றிவிடலாம். அதுவரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்; பேட்டரி கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். சல்பேட்டை உடைக்கும் துடிப்பு முறை சார்ஜர்களும் உண்டு. அரைகுறையாக இறுகியதற்குச் சில நேரம் பலிக்கும். மூன்று மாதத்துப் பருக்கைக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியில் தீர்ப்பு. சார்ஜரைக் கழற்றிய உடன் மீட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது தகட்டின் மேல்தோல் மினுக்கு. அதை நம்பிப் பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டுவது அவசரம். பன்னிரண்டு மணி நேரம் ஓய்வில் விட்டுப் பார்த்தால் 12.6க்கு மேல் நிற்க வேண்டும். பட்டனை அழுத்தி எஞ்சின் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. இரண்டிலும் தேறினால் மீட்சி மெய். ஓய்வுக்குப் பிறகு 10.5இலேயே நின்றுவிட்டால் கணக்கு எளிது: 2.1ஐ ஐந்தால் பெருக்கினால் 10.5. ஆறு அறைகளில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. எந்த நெறியினரும், எந்தப் பொடியும், எந்தச் சார்ஜரும் அதை எழுப்பப்போவதில்லை. அந்த ஒரே ஒரு முடிவில் ஐயா சொன்னது சரி: புதுசு ஒண்டு வாங்கத்தான் வேணும். பழையதைக் குப்பையில் போடாமல் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்; அதன் ஈயம் மறுபடி பேட்டரியாகும்.

இக்கட்டுரையின் கொள்கையோடு முரண்படுவோர் மறுப்பு எழுதலாம். நவம்பரில் பேட்டரியைக் கழற்றி வைத்தவர்களாகவோ, குறைந்தது கறுப்புக் கேபிளையாவது விடுவித்தவர்களாகவோ இருந்தால் முன்னுரிமை உண்டு. மறுப்போடு வோல்ட் அளவையும் இணைக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிப் பன்னிரண்டு மணி நேரம் ஆவதற்கு முன் எடுத்த அளவு ஏற்றுக்கொள்ளப்படாது.